கம்பனியா, சொந்தப் பெயரா: மலையகத்துச் சிறு வியாபாரியின் வரிக் கணக்கு

"அண்ணே, கம்பனி ஆக்கினா வரி குறையுமாமே?" ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளைப் பக்கம் கணக்கு எழுதிக் கொடுப்பவர்களிடம் அடிக்கடி வரும் கேள்வி இது. கேட்பவர் பலசரக்குக் கடையோ, மரக்கறி லொறியோ, ஹார்ட்வெயார் கடையோ வைத்திருப்பார். கொழும்பில் யாரோ சொல்லியிருப்பார்கள். மலையகத்தில் உள்ள கடைகளில் மிகப் பலவற்றுக்குப் பதில் ஒன்றுதான்: குறையாது, கூடும். எவ்வளவு கூடும் என்பதை ஒரு தாளில் பத்து நிமிடத்தில் போட்டுப் பார்த்துவிடலாம். அந்தக் கணக்கைப் போடாமல் யாரும் கம்பனிப் பதிவுக்குக் காசு கட்டக் கூடாது.

முதலில் புரள்வையும் (செலவு கழிக்காத மொத்த விற்பனை) இலாபத்தையும் பிரித்து வைக்க வேண்டும். வருமான வரி இலாபத்துக்கு வருவது. வற் (பெறுமதி சேர்) வரியும் சமூகப் பாதுகாப்பு உதவுதொகை வரியும் புரள்வைப் பார்த்து வருபவை. நுவரெலியா பொருளாதார மத்திய நிலையத்தில் கரட்டும் லீக்ஸும் கோவாவும் ஏற்றிப் பேலியகொடைக்கு அனுப்புகிற ஒருவருடைய வங்கிக் கணக்கில் ஆண்டுக்கு 5 கோடி ரூபா வந்து போகலாம். விவசாயிக்குக் கொடுத்தது, டீசல், ஏற்றுகூலி, இறக்குகூலி, வழியில் அழுகியது எல்லாம் போக 20 இலட்சம் மிஞ்சினால் அவருடைய வருமான வரி அந்த 20 இலட்சத்துக்குத்தான். 5 கோடியைப் பார்த்துப் பயந்து கம்பனிக்கு ஓடுபவர்களும் உண்டு, 5 கோடிக்கும் ஒரு சிட்டைகூட வைக்காமல் விடுபவர்களும் உண்டு. இரண்டாவது ஆளுக்குத்தான் ஆபத்து அதிகம். வங்கியில் வந்த பணம் தெரியும், போன பணத்துக்குச் சாட்சி இல்லை என்றால், இலாபம் 20 இலட்சம்தான் என்று அவர் எதை வைத்துக் காட்டுவார்?

இனிக் கணக்கு. 2025 ஏப்ரல் 1 முதல் தனிநபர் நிவாரணம் ஆண்டுக்கு 18 இலட்சம் ரூபா. அதற்கு மேல் வருகிற முதல் 10 இலட்சத்துக்கு 6%, அடுத்த 5 இலட்சத்துக்கு 18%, அடுத்த 5 இலட்சத்துக்கு 24%, அடுத்த 5 இலட்சத்துக்கு 30%, மிச்சம் முழுவதற்கும் 36%. சொந்தப் பெயரில் வியாபாரம் செய்பவருக்கு வேறு வருமானம் இல்லையென்றால், 18 இலட்சம் வரை வரி இல்லை. மேலே சொன்ன 20 இலட்சக்காரர் கட்ட வேண்டியது 12,000 ரூபா. இலாபம் 28 இலட்சமானால் 60,000. 33 இலட்சத்துக்கு 150,000. 38 இலட்சத்துக்கு 270,000. 43 இலட்சத்துக்கு 420,000. இந்த 43 இலட்சத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு வேண்டியிருக்கும்.

கம்பனிக்கு நிவாரணமும் இல்லை, படிப்படியான வீதமும் இல்லை. முதல் ரூபாவிலிருந்தே 30%. சிறு, நடுத்தரக் கம்பனிகளுக்கு முன்பிருந்த 14% சலுகை வீதம் 2022 செப்டெம்பரோடு போய்விட்டது. அதை இன்னும் நம்பிக்கொண்டு பேசுபவர்கள் ஊரில் நிறைய இருக்கிறார்கள். இலாபத்தில் 30% போன பிறகு மிச்சத்தைப் பங்குலாபமாக வீட்டுக்கு எடுத்தால் அதில் இன்னொரு 15% பிடிக்கப்படும். 60 இலட்சம் இலாபத்தை எடுத்துக்கொள்வோம். சொந்தப் பெயரில் வரி 10 இலட்சத்து 32 ஆயிரம். கம்பனியில் 18 இலட்சம். மிஞ்சிய 42 இலட்சத்தையும் பங்குலாபமாக எடுத்தால் மேலும் 6 இலட்சத்து 30 ஆயிரம். ஆக 24 இலட்சத்து 30 ஆயிரம். நூற்றுக்கு நாற்பதரை ரூபா போகிறது.

அப்படியானால் கம்பனி வைத்திருப்பவர்கள் எல்லாம் ஏமாளிகளா? இல்லை. அவர்கள் இலாபத்தைப் பங்குலாபமாக எடுப்பதில்லை, சம்பளமாக எடுக்கிறார்கள். இயக்குநரின் சம்பளம் கம்பனிக்குச் செலவு. அதற்கு 30% வராது. சம்பளம் வாங்குபவருக்கு 18 இலட்சம் நிவாரணமும் படிவீதங்களும் கிடைக்கின்றன. 43 இலட்சம் வரை இருக்கும் படிகளில் எதுவும் 30 சதவீதத்தைத் தாண்டாது. அதனால் சம்பளத்தை அதுவரை உயர்த்தலாம். அதற்கு மேல் உள்ள இலாபம் கம்பனியிலேயே தங்கினால் அதற்கு 30%. சொந்தப் பெயரில் அதே தொகைக்கு 36%. இரண்டுக்கும் இடையில் 6% வித்தியாசம், அவ்வளவுதான். கம்பனியால் வரும் வரி இலாபம் முழுவதும் இந்த 6 சதவீதத்துக்குள் அடங்கிவிடுகிறது. அதுவும் பணத்தை வீட்டுக்கு எடுக்காமல் வியாபாரத்திலேயே விட்டால் மட்டும்.

இப்போது செலவுப் பக்கம். கம்பனிக்கு ஆண்டுதோறும் கணக்காய்வு செய்த கணக்கு வேண்டும், கம்பனிச் செயலாளர் வேண்டும், கம்பனிப் பதிவாளருக்கு வருடாந்த அறிக்கை போக வேண்டும். இவற்றுக்கு உங்களிடம் கேட்கும் கட்டணம் ஆண்டுக்கு 2 இலட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2 இலட்சத்தை 6 சதவீதத்தால் வகுத்தால் ஏறக்குறைய 33 இலட்சம். 43உம் 33உம் 76. அதாவது, ஆண்டு இலாபம் 76 இலட்சத்தைத் தொட்டு, அதில் 33 இலட்சம் வெளியே வராமல் கடைக்குள்ளேயே சுழன்றால்தான் கம்பனி தன் செலவையே சம்பாதிக்கிறது. உங்கள் கணக்காய்வாளர் சொல்லும் தொகையைப் போட்டு நீங்களே வகுத்துப் பாருங்கள். முடிவெடுக்க இதைவிட நல்ல கணக்கு இல்லை.

சம்பளம் என்று எழுதிவிட்டால் மட்டும் போதாது. அது மாதாமாதம் வங்கி வழியாகப் போக வேண்டும். மாதம் 150,000 ரூபாவுக்கு மேல் என்றால் வரியைப் பிடித்து அடுத்த மாதம் 15ஆம் திகதிக்குள் கட்ட வேண்டும். வேலை செய்யும் இயக்குநருக்கும் ஊழியர் சேமலாப நிதி உண்டு: சம்பளத்தில் 8%, கம்பனி போடுவது 12%, அதோடு ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3%. இந்தப் பணம் உங்கள் பெயரில்தான் சேருகிறது, கம்பனிக்கும் செலவாகக் கழிகிறது. ஆனால் ஆணுக்கு 55, பெண்ணுக்கு 50 வயது வரை பொதுவாகக் கைக்கு வராது. சித்திரைப் புத்தாண்டுக்குச் சரக்கு எடுக்கக் காசு தேடும் கடைக்கு இது சின்ன விஷயம் அல்ல. வருட முடிவில் ஒரே தாளில் "இயக்குநர் சம்பளம் 43 இலட்சம்" என்று எழுதிக் கொடுக்கும் கணக்குகள் விசாரணையில் நிற்பதில்லை.

மலையகத்தில் கம்பனியைவிட அதிகம் கவனிக்க வேண்டியதும், கவனிக்காமல் விடப்படுவதும் பங்குடைமை. கணவனும் மனைவியும் சேர்ந்து நடத்தும் கடை, அண்ணன் தம்பி சேர்ந்து ஓட்டும் லொறி, தகப்பனும் மகனும் பார்க்கும் பேக்கரி எல்லாம் உண்மையில் பங்குடைமைதான். காகிதத்தில் மட்டும் ஒருவர் பெயர் இருக்கும். இலாபம் 80 இலட்சம் என்று வைப்போம். ஒருவர் பெயரில் இருந்தால் வரி 17 இலட்சத்து 52 ஆயிரம். இருவருக்கும் சரிபாதி என்றால், பங்குடைமை தன் பெயரில் ஒரு விபரத்திரட்டு (ஆண்டு வருமானத்தையும் வரியையும் காட்டும் படிவம்) கொடுக்கும். முதல் 10 இலட்சத்துக்கு வரியில்லை, மிச்ச 70 இலட்சத்துக்கு 6% என்று 420,000 கட்டும். பங்காளர் ஒவ்வொருவரும் தம் 40 இலட்சத்துக்குத் தனி நிவாரணத்தோடு கணக்குப் பார்த்தால் தலா 330,000 வருகிறது. பங்குடைமை கட்டியதில் தலா 210,000 ஏற்கெனவே கட்டியதாகக் கழியும். மிச்சம் 120,000. மொத்தத்தில் இருவருக்கும் 6 இலட்சத்து 60 ஆயிரம். ஒருவர் பெயரில் இருந்ததை விட ஏறக்குறைய 11 இலட்சம் குறைவு.

இது நிற்க வேண்டுமானால் பங்குடைமை உண்மையானதாக இருக்க வேண்டும். மூலதனம் 1,000 ரூபாவைத் தாண்டினாலே எழுத்தில், கையெழுத்தோடு ஒப்பந்தம் வேண்டும் என்பது இலங்கைச் சட்டம். இன்று எந்தக் கடை ஆயிரம் ரூபாவுக்குள் தொடங்குகிறது? ஒப்பந்தத்தில் யார் எவ்வளவு போட்டார், இலாபநட்டம் எப்படிப் பிரிகிறது, ஒருவர் விலகினால் சரக்கை எப்படி மதிப்பிடுவது, காசோலையில் யார் கையெழுத்து என்று இருக்க வேண்டும். வங்கிக் கணக்கு பங்குடைமையின் பெயரில் இருக்க வேண்டும். மனைவியின் பங்கு என்று எழுதிய பணம் மனைவியின் கணக்குக்கே போக வேண்டும். வெளிநாட்டில் வீட்டு வேலைக்குப் போயிருக்கும் மனைவியையோ, கொழும்பில் வேறு வேலையில் இருக்கும் தம்பியையோ பெயருக்குச் சேர்த்துக் கணக்கை உடைப்பது பங்குடைமை ஆகாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பங்காளர் வாங்கிய கடனுக்கு மற்றப் பங்காளரும் முழுதாகப் பொறுப்பு. தம்பி லொறிக்கு வாங்கிய கடனுக்கு அண்ணன் வீட்டை வங்கி கேட்கலாம். குடும்பத்துக்குள் சண்டை வருவது வரியால் அல்ல, இதனால்தான். "கம்பனி என்றால் அந்தப் பயம் இல்லையே" என்பார்கள். சட்டப்படி உண்மை. ஆனால் சிறு கம்பனிக்குக் கடன் கொடுக்கும்போது வங்கி இயக்குநரின் தனிப்பட்ட பிணையையும் கேட்பது வழக்கம். கையெழுத்துப் போட்டபின் அந்தக் கடனளவில் பாதுகாப்பு இல்லை. சரக்குக் கொடுத்தவருக்கும் வழக்குப் போடுபவருக்கும் எதிராக மட்டும் அது நிற்கும்.

நிவாரணம் ஆளுக்கு ஒன்றுதான், தொழிலுக்கு ஒன்றல்ல. கடையை ஆசிரியர் ஒருவர் தன் பெயரில் வைத்திருந்தால் அவருடைய சம்பளமும் கடை இலாபமும் கூட்டித்தான் 18 இலட்சம் பார்க்கப்படும். சம்பளமே 15 இலட்சம் என்றால் கடைக்கு 3 இலட்சம்தான் மிச்சம். அந்தக் கடையை உண்மையில் நடத்துவது வீட்டில் இருக்கும் துணைவரானால் தொடக்கத்திலேயே அவர் பெயரில் பதிவதுதான் முறை. அதேபோல நிலையான வைப்பு வட்டியில் வங்கி பிடிக்கும் 10 சதவீதத்தைப் பலர் விபரத்திரட்டில் கழிக்க மறந்துவிடுகிறார்கள். வங்கியில் அதற்கான சான்றிதழைக் கேட்டு வாங்கி வைக்க வேண்டும்.

மரக்கறி பயிரிடுபவர்களுக்கு ஒரு வார்த்தை. தோட்டத்தில் விளைந்ததைப் பதனிடாமல் அப்படியே விற்ற வருமானத்துக்கு 2019 ஏப்ரல் 1 முதல் 5 ஆண்டுகள் விலக்கு இருந்தது. அது முடிந்துவிட்டது. வெலிமடை, கந்தப்பளைப் பக்கம் "விவசாயத்துக்கு வரி இல்லை" என்பது இன்னும் பேச்சில் இருக்கிறது. இப்போது விதை, உரம், மருந்து, கூலிச் சிட்டைகள் இல்லாமல் ஒரு போகத்தை முடிப்பது கையிலிருந்து காசு போடுவதற்குச் சமம்.

பதிவைப் பற்றி. சொந்தப் பெயர் அல்லாத ஒரு வியாபாரப் பெயரில் தொழில் செய்தால் பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயர்ப் பதிவு வேண்டும். பங்குடைமைக்கும் அங்கேதான். அடையாள அட்டை, கிராம உத்தியோகத்தரின் உறுதிப்படுத்தல், கடை இருக்கும் இடத்துக்கான காணி உறுதி அல்லது குத்தகை ஒப்பந்தம் கொண்டு போக வேண்டும். தோட்டப் பகுதியில் தடங்கல் இந்த மூன்றாவதில்தான். லயத்து வீட்டின் முன்னறையில் தையல் மெஷினோ சின்னக் கடையோ வைத்திருப்பவருக்கு உறுதி இல்லை. தோட்ட நிர்வாகத்திடம் எழுத்தில் சம்மதக் கடிதம் வாங்குவது முதல் வேலை. வாய்ப்பேச்சில் துரை சரி என்றது பிரதேச செயலகத்தில் செல்லாது, துரை மாறினால் தோட்டத்திலும் செல்லாது. அது கிடைக்காது போலிருந்தால் பக்கத்து டவுனில் ஒரு சிறு இடத்தைக் குத்தகைக்கு எடுத்துப் பதிந்து, வேலையை வீட்டில் செய்பவர்களும் இருக்கிறார்கள்.

பிரதேச செயலகப் பதிவு வரிப் பதிவு அல்ல. பிரதேச சபையின் வியாபார உரிமமும் வரிப் பதிவு அல்ல. உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தின் வரி செலுத்துநர் அடையாள இலக்கம் தனி. இணையத்தில் எடுக்கலாம், 1944க்கு அழைத்துக் கேட்கலாம். அந்த இலக்கம் எடுத்ததால் வரி கட்ட வேண்டும் என்று ஆகிவிடாது. விண்ணப்பிக்கும்போது அடையாள அட்டையில் உள்ள பெயரையே எழுத்துக்கு எழுத்து எழுதுங்கள். பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் சிங்கள உச்சரிப்பில் ஒன்று, வங்கிப் புத்தகத்தில் தகப்பன் பெயர் முன்னால் என்று மூன்று விதமாக இருப்பது நம் ஆட்களிடம் சாதாரணம். பணம் கட்டிய பிறகு பெயர் பொருந்தாமல் திண்டாடுவதைவிட முதலில் வங்கிக் கணக்கைத் திருத்திக்கொள்வது சுலபம்.

மார்ச் 31 பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வரி ஆண்டு ஏப்ரல் 1இலிருந்து மார்ச் 31 வரை. தோட்டத்துச் சம்பளம் வருவது 10ஆம் திகதியை ஒட்டி. ஆக, தோட்டத்தை நம்பிய பலசரக்குக் கடையில் மார்ச் 31 அன்று கடன் கொப்பி நிரம்பி வழியும். மார்ச் மாதம் கொடுத்த அரிசி, மா, சீனி எல்லாம் ஏப்ரல் 10க்குத்தான் காசாகும். அதற்கிடையில் புத்தாண்டுச் சரக்கும் வந்து இறங்கியிருக்கும். கம்பனியானால் அட்டுறு முறையில்தான் கணக்கு வைக்க வேண்டும். கொப்பியில் இருக்கும் கடனும் அந்த ஆண்டு வருமானம், கைக்கு வராத காசுக்கும் வரி. சொந்தப் பெயரில் வியாபாரம் செய்பவர் தன் வருமானத்தைச் சரியாகக் காட்டும் முறையைத் தெரிவு செய்யலாம், காசு கைக்கு வந்ததும் கணக்கில் எடுக்கும் காசு முறையும் அதில் ஒன்று. எதைத் தெரிவு செய்தாலும் ஒன்றையே தொடர வேண்டும். மார்ச் 31 இரவு கடையைச் சாத்திவிட்டுச் சரக்கை எண்ணி, வாங்கிய விலையில் எழுதி, கடன் கொப்பியின் கடைசி நிலுவையைக் கூட்டி, இரண்டிலும் திகதி போட்டுக் கையெழுத்து வையுங்கள். ஜூலையில் உட்கார்ந்து மார்ச் சரக்கை ஊகிக்க முடியாது.

வற் வரிக்கு 2024 ஜனவரி முதல் எல்லை ஆண்டுக்கு 60 மில்லியன் ரூபா அல்லது காலாண்டுக்கு 15 மில்லியன் புரள்வு, வீதம் 18%. 2026 ஏப்ரல் முதல் எல்லையை 36 மில்லியனாகக் குறைக்க 2026 வரவுசெலவுத் திட்டம் முன்மொழிந்தது. 36 மில்லியன் என்றால் பெரிய தொகை போலத் தெரியும். நாளுக்கு வகுத்தால் ஒரு இலட்சத்துக்கும் கொஞ்சம் குறைவு. ஹட்டன் டவுனில் சீமெந்தும் கம்பியும் விற்கும் கடைக்கு அது ஒரு நல்ல காலை. எந்த எல்லை நடைமுறையில் இருக்கிறது என்பதை ஒவ்வொரு காலாண்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். தனிவியாபாரமோ பங்குடைமையோ கம்பனியோ, இந்த எல்லைக்கு வித்தியாசம் இல்லை. ஒரே கடையை இரண்டு பெயரில் பதிந்து புரள்வைப் பிரிப்பது ஒரே முகவரி, ஒரே சரக்கறை, ஒரே காசாளர் என்று பார்த்தவுடன் தெரிந்துவிடும்.

கொமிஷனுக்கு வேலை செய்பவர்களும் கொழுந்து சேகரிப்பவர்களும் இங்கே கவனமாக இருக்க வேண்டும். நீங்கள் முகவர் என்றால் உங்கள் வருமானம் கொமிஷன் மட்டும். வாங்கி விற்பவர் என்றால் முழு விற்பனையும் உங்கள் புரள்வு. எது என்பதை முடிவு செய்வது பில். பில்லில் விவசாயியின் பெயர், எடை, விலை, கழித்த கொமிஷன் என்று வரி வரியாக இருந்தால் முகவர். உங்கள் பெயரிலேயே பில் போட்டால் நீங்கள் வியாபாரி.

சொத்துகளை எந்தப் பெயரில் வைப்பது என்பதும் இதே முடிவின் ஒரு பகுதி. லொறி வியாபாரத்தின் பெயரில் இருக்கட்டும். அதன் விலையை ஆண்டுக்கு ஐந்தில் ஒரு பங்காக 5 ஆண்டுகளில் கழிக்கலாம். முதலாளி ஏறிப் போகும் காருக்கு அது கிடையாது. கடை நிலத்தைக் கம்பனிக்குள் போடாதீர்கள். மாற்றும்போது முத்திரை வரி முதல் இலட்சத்துக்கு 3%, மிச்சத்துக்கு 4%. உங்கள் கையில் மூலதன ஆதாயம் இருந்தால் 15%. பிறகு கம்பனி அதை விற்றால் ஆதாயத்துக்கு 30%, அந்தப் பணத்தை வெளியே எடுத்தால் இன்னும் 15%. நிலம் உங்கள் பெயரிலேயே இருந்து கம்பனி வாடகை கொடுக்கட்டும்.

திகதிகள்: தவணை வரி ஆகஸ்ட் 15, நவம்பர் 15, பெப்ரவரி 15, மே 15. மிச்சம் செப்டெம்பர் 30. விபரத்திரட்டு நவம்பர் 30. பிந்திய வரிக்கு மாதம் 1.5% வட்டி. விபரத்திரட்டே கொடுக்காவிட்டால் தண்டம் 50,000 ரூபாவிலிருந்து தொடங்கி மாதம் 10,000 ஏறும், அல்லது வரியின் 5 சதவீதமும் மாதம் 1 சதவீதமும், எது கூடவோ அது, உச்சம் 400,000. வியாபாரம் நின்றுபோன கம்பனிக்கும் இது பொருந்தும். பெயருக்குக் கம்பனி பதிந்துவிட்டு, கடை ஓடவில்லை என்று அப்படியே விட்டவர்கள் சில ஆண்டுகள் கழித்து மாட்டிக்கொள்வது இங்கேதான். வியாபாரப் பெயரை நீக்குவது பிரதேச செயலகத்தில் முடியும், கம்பனியை மூடுவது அப்படி முடியாது.

கணக்குப் போட்டுப் பார்த்து, கம்பனிதான் சரி என்று வந்தால் ஏப்ரல் 1இல் தொடங்குங்கள். நடு ஆண்டில் மாற்றினால் ஒரே ஆண்டுக்கு இரண்டு கணக்கு, இரண்டு சரக்கெடுப்பு, இரண்டு விபரத்திரட்டு. பெயர் ஒதுக்குவதையும் பதிவையும் ஜனவரியிலேயே ஆரம்பித்து, வங்கிக் கணக்கை மார்ச்சுக்குள் திறந்து வைத்து, பழைய கடையின் கடன் கொப்பியைப் பழைய பெயரிலேயே அறவிட்டு முடித்துவிடுங்கள். பழைய கடனைப் புதிய கம்பனிக் கணக்கில் வைப்பிலிட்டால் அது கம்பனியின் விற்பனை போலத் தெரியும், அதே காசுக்கு இரண்டாம் முறை வரி கேட்கப்படும்.